தாய்ப்பாலும் சர்க்கரையும்: விடுபட்ட சில விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தாய்ப்பால் கொடுத்தால் தாய்க்குச் சர்க்கரை நோய் வராது' என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. வரும் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் அந்த வரியை நம்பி, பிரசவத்துக்குப் பின் செய்ய வேண்டிய பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களால் இன்சுலினின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டினால் பிரச்சினை இல்லை. முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்கு அளவு மளமளவென்று இறங்கிவிடும். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கணையத்தின் பலவீனம் எங்கும் போய்விடவில்லை. இவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 நீரிழிவு வரும் அபாயம் மற்றத் தாய்மார்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம்.

தாய்ப்பால் உதவுவது உண்மைதான். முழுக்கத் தாய்ப்பாலிலேயே வளரும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 750 மி.லி. பால் போகிறது. 100 மி.லி.க்கு 7 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) என்று வைத்தால் தினமும் 50 கிராமுக்கு மேல். அதற்கான குளுக்கோஸைப் பால் சுரப்பிகள் தாயின் ரத்தத்திலிருந்து இன்சுலின் தயவு இல்லாமலே இழுத்துக்கொள்வதால் கணையத்துக்குச் சுமை குறைகிறது. 30 ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான அமெரிக்காவின் கார்டியா ஆய்வில், எல்லாப் பிரசவங்களும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் பாலூட்டியவர்களுக்கு நீரிழிவு, பாலூட்டாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகத்தான் இருந்தது.

ஆனால் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ளவர்களில் பலருக்குப் பால் ஊறுவதே மூன்று நாளைத் தாண்டுகிறது. அதற்குள் புட்டிப்பால் நுழைந்துவிடும், தாய்ப்பால் சீக்கிரமே நின்றும் போகும். பால் குறைந்ததால் நோய் வந்ததா, நோய்க்கான கூறு முன்பே இருந்ததால் பால் குறைந்ததா என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. கார்டியாவில் கர்ப்பத்துக்கு முந்தைய சர்க்கரை அளவுகளும் கையில் இருந்தன. பல ஆய்வுகளுக்கு அந்த வசதி இல்லை.

இனி அந்தப் பரிசோதனை. பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள், குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்தில் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். 75 என்பது நீர் சேராத குளுக்கோஸுக்கான கணக்கு. நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் தூள் என்றால் 82.5 கிராம். முந்தைய மூன்று நாள் சோற்றையோ மாவுப் பண்டங்களையோ குறைத்துவிட்டு வந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இடையில் குழந்தைக்குப் பால் கொடுத்தால் இரண்டாவது அளவு சற்று இறங்கலாம். அதற்காகக் குழந்தையை அழவிட வேண்டாம், ரிப்போர்ட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

வரம்புகள் (மி.கி./டெ.லி.): வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200. இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் நீரிழிவு என்று சந்தேகித்து உறுதிசெய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 100–125 அல்லது இரண்டு மணி நேரத்தில் 140–199 என்றால் நீரிழிவுக்கு முன்நிலை. கர்ப்பத்தில் பார்த்த 92, 153 என்ற வரம்புகள் இங்கே பொருந்தாது. இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஊசி ஒரு தடவையோடு போகும் என்று ஹெச்பிஏ1சி மட்டும் பார்ப்பதும் சரியில்லை. அது முந்தைய மூன்று மாதத்தின் சராசரி, அதில் கர்ப்ப நாட்களும் கலந்திருக்கும். பிரசவ ரத்த இழப்பும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்து அதைக் குழப்பும். முடிவு நல்லபடியாக வந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொண்டே பாலூட்டுபவர்களுக்கு, குறிப்பாக இரவில், சர்க்கரை சட்டென்று தாழலாம். பாலூட்டும் முன் ஏதாவது சாப்பிடுவதும், மருத்துவரிடம் கேட்டு டோஸைக் குறைப்பதும் அவசியம்.

பால் கொடுக்க முடியாமல் போனவர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்து முன்நிலைக்கு வந்த பெண்களிடம், வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்ட பயிற்சி நீரிழிவைப் பாதியாகக் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்தது. அடுத்த இதழில் இதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்