கவிதாவின் மாத்திரை

பீடோங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

தீபாவளிக்கு எழுதுறேன்னு சொல்லித் தைப்பூசமே போயிடுச்சு. திட்டிக்கோ. இங்க எல்லாரும் சுகம். உன் வீட்டுக்காரர் அந்த மோட்டாரை வித்தாரா, இல்ல இன்னும் நீதான் பின்னாலிருந்து தள்ளுறியா?

ஒரு விஷயம், நாலு வாரமா நெஞ்சுலயே கிடக்கு.

என் மக கவிதா இப்ப ஐந்தாம் படிவம். மூணு மாசமா வீட்டு விலக்கானா பத்து நாள் நிக்காது, ஒரு மணிக்கு ஒரு பேட். பள்ளிச் சபைகூடல்ல மயங்கி விழுந்துட்டா. ஹீமோகுளோபின் 7.6. எனக்கு லீவு கிடைக்கல, அவ அத்தைதான் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. 'ரத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க'ன்னு மட்டும் சொன்னா.

துணி மடிச்சு வைக்கிறப்ப அலமாரியில அந்த அட்டையைப் பார்த்தேன். 28 மாத்திரை, வரிசையா கிழமை போட்டு. எனக்குத் தெரியாதா அது கர்ப்பத் தடை மாத்திரைன்னு? சின்னவன் பிறந்ததும் நானே சாப்பிட்டதுதானே. ஒரு வார்த்தை கேக்காம அறைஞ்சுட்டேன் சரசு. அவ அழல. துவைச்சும் கறை போகாத நீலப் பாஜு கூரோங் உடையை எடுத்து வந்து என் மடியில வச்சா.

மறுநாள் நானே போய்க் கேட்டேன். கர்ப்பப்பை உள்தோல் தடிச்சு வளராம இது பார்த்துக்குமாம், அதனால போக்கும் குறையும், வலியும் குறையும். சினைப்பை நீர்க்கட்டி, கர்ப்பப்பை உள்தோல் மாதிரி வெளியில வளர்ற எண்டோமெட்ரியோசிஸ், முகப்பருக்கூட, எல்லாத்துக்கும் எழுதுவாங்களாம். அமெரிக்காவுல 1957-ல முதல்ல அனுமதிச்சதே மாதவிலக்குக் கோளாறுக்குத்தானாம். கர்ப்பத் தடைக்கு 1960-லதான். நிறுத்தினா பின்னாடி பிள்ளை பிறக்குமான்னு கேட்டேன், பிறக்கும்னாங்க. சும்மா எடுத்துக் கொடுத்துடலடி. பிரஷர் பார்த்து, ஒத்தைத் தலைவலி வந்தா கண்ணுல மின்னுதா, வீட்டுல யாருக்காச்சும் ரத்தக்குழாயில ரத்தம் கட்டியிருக்கான்னு எல்லாம் கேட்டுத்தான் எழுதியிருக்காங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஓடி வரணுமாம்.

வர்ற வழியெல்லாம் நம்ம தோட்டத்துத் தேவி ஞாபகம்தான். வாளியை ரப்பர் மரத்தடியில வச்சுட்டு வயித்தைப் பிடிச்சுச் சுருண்டு கிடப்பாளே. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்'னு கங்காணி வீட்டம்மா சொன்னப்ப நீயும் நானும் தலையாட்டினோம். அப்பவும் இந்த மாத்திரை இருந்துச்சு சரசு! தோட்டத்துக் கிளினிக்லயே இருந்துச்சு. மூணு நாலு பெத்தவங்களுக்குத்தான் நர்ஸ் மிஸ்ஸி கொடுப்பாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு கேட்டா லயம் முழுக்க என்ன பேசியிருக்கும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. பேசுற அந்த வாய் என்கிட்டயும் இருந்திருக்கே.

கவிதா இப்ப ரெண்டாவது அட்டை. இந்தத் தடவை அஞ்சே நாள். ராத்திரி ஒன்பதுக்கு நான்தான் தண்ணி எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கிறா, ஆனா பழையபடி பேச மாட்டேங்கிறா.

உன் பெரியவ மாசாமாசம் ரெண்டு நாள் பள்ளிக்குப் போறதில்லன்னு எழுதியிருந்தியே, ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டு. அப்புறம், தேவி நம்பர் உன்கிட்ட இருந்தா அனுப்பு. அவகூடப் பேசணும்.

உன்,
வசந்தா