லொத்தரில் மாட்டியவரை ஏசாதீர்கள்: தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்டத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத்தினருக்கும், கோயில் பரிபாலன சபையினருக்கும் வணக்கம்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். சம்பளம் போட்ட மறுநாள் டவுனில் லொத்தர்ச் சீட்டு விற்கும் இடத்தைப் பாருங்கள், நம் ஆட்கள்தான் நிற்பார்கள். நேற்றைய இலக்கத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். நாற்பது ரூபா விழுந்திருந்தால் அதைக் காசாகக் கேட்பதில்லை, இன்னொரு சீட்டாக வாங்கிக்கொள்வார்கள்.

சீட்டு எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. போனால் போகட்டும் என்று எப்போதாவது எடுக்கிற ஒன்றால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை. லொத்தர் வருமானத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொலப் புலமைப்பரிசிலுக்கும் போகிறது. நம் பிள்ளைகளும் அதை வாங்கிப் படிக்கிறார்கள். சரி. என் கவலையெல்லாம் விட்டதைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பற்றித்தான்.

2023இல் சீட்டின் விலை 20 ரூபாவிலிருந்து 40 ஆனது. நாளுக்கு ஐந்து எடுத்தால் மாதம் 6,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாள் அடிப்படைச் சம்பளத்தில் அது நாலு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. மகாஜன சம்பத என்ற லொத்தர்ச் சீட்டில் பெரிய பரிசு விழ ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் அப்படியே பொருந்த வேண்டும். அதற்கான வாய்ப்பு 2 கோடியே 60 லட்சத்தில் ஒன்று. இலங்கையின் மொத்தச் சனத்தொகையே அவ்வளவு இல்லை.

என் மாணவி ஒருத்தியின் அப்பா பழைய சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார். எந்த இலக்கம் ரொம்ப நாளாக வரவில்லை என்று கொப்பியில் எழுதி, இனி அதுதான் வரும் என்கிறார். குலுக்கலுக்கு நேற்று என்ன வந்தது என்று தெரியாது. ஒவ்வொரு நாளும் புதுக் கணக்குத்தான். இதை நானே அவருக்கு விளக்கினேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் எடுத்தார். வீட்டில் தோடு அடகில் இருக்கிறது, நுண்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். அவருக்குப் புத்தி இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சூதாட்ட அடிமைத்தனத்தை நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டும் பொடியன்மாருக்கும் இதே நோய்தான், இன்னும் வேகமாகப் பிடிக்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நாலு பேர் முன்னால் ஏசுகிறோம், கோயிலில் சத்தியம் வாங்குகிறோம். வெட்கத்தில் அவர் மறைத்து ஆடத் தொடங்குகிறார், கடன் இரண்டு மடங்காகிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெரட்டுக் களத்திலும் டிஸ்பென்சரியிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் பெரிதாக எழுதி வையுங்கள். 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். நுவரெலியா, பதுளை பெரியாஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். முதல் தடவை தனியாகப் போகக் கூச்சப்படுவார்கள். தலைவரோ மாதர் சங்கத்து அக்காவோ கூடப் போனால் போவார்கள்.

கடன் அடைக்க உதவுவதென்றால் ஆளின் கையில் காசைக் கொடுக்காதீர்கள், கடன்காரரிடமே கட்டிவிடுங்கள். அவர் சம்மதித்தால் வங்கி அட்டையை மனைவியிடம் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அவர் மறுபடி ஒரு சீட்டு எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், தயவுசெய்து கைவிடாமல் திரும்பவும் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை