வெறும் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம். அப்பாவின் முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. ஆவணி பிறந்தும் சத்துவாச்சாரியில் வெயில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன சைக்கிள் போட்டியை அப்பாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ‘போட்டி என்றால் எல்லைக்கோடு எங்கே?’ என்று விடாமல் கேட்டார். கோடு கிடையாது, எல்லோருக்கும் 12 மணி நேரம், அதற்குள் அதிக தூரம் மிதிக்கிறவருக்கே பரிசு என்றேன். நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள், முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே காற்றுக்கு ஒதுங்கக் கூடாது, கடைசி நேரத்தில் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், நேரம் முடிந்தாலும் அடுத்து கடிகாரத்தோடு நிற்கிறவர் வரை போய்ச் சேர்ந்தால்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘செக்குமாடு’ என்றார்.

நீ மிதித்தது 196 மைல் என்றதும் காலண்டர் தாளின் பின்புறம் பெருக்கிப் பார்த்தார். 315 கிலோமீட்டர். இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, அதற்கு மேலும் ஆற்காடு வரை போகிற தூரம். பிறகு செக்குமாட்டுப் பேச்சே இல்லை. அந்தத் தாளை பீரோவின் உட்கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாதாம்.

என் வயிற்றெரிச்சல் வேறு. ஒன்பதாவது மணியில் தலை சுற்றி, குமட்டி, சாலையோரப் புல்லில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். என்ன குடித்தாய் என்றேன். ‘தண்ணீர்தான் அம்மா, நிறைய’ என்றாய். அணைக்கட்டுப் பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அள்ள வேண்டும் என்று கரைத்துக் காட்டியிருப்பேன்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளெல்லாம் ஒப்பிப்பார்கள். என் வயிற்றில் பிறந்தவள் வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறாள்.

குளிர் ஊரில் வியர்க்கவே இல்லை என்று நினைத்திருப்பாய். வியர்வையைக் காற்று உலர்த்திவிடும், உப்பு போனது போனதுதான். அதற்கு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் அதனாலும் வரும். உனக்கு வந்தது அதுவா, பசி மயக்கமா என்று இங்கிருந்து எப்படிச் சொல்வேன்? இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறாய். குடலில் சர்க்கரையும் உப்பும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். சோற்றையும் விட்டுவிடக் கூடாது. உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான் காணும். பசிப்பதற்கு முன்பே, மணிக்கு மணி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும்.

கடிகாரத்தோடு மிதிப்பது எனக்கும் தெரியாததல்ல. 1987-இல், வட ஆற்காடு இன்னும் பிரிக்கப்படாத ஒரே மாவட்டமாக இருந்தபோது கிராமச் செவிலியராகச் சேர்ந்தேன். தடுப்பூசிப் பெட்டியைப் பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டுவேன். உள்ளே நான்கு ஐஸ் பொதிகள். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம், அதற்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒருநாள் ஒடுகத்தூர் சாலையில் பின்சக்கரம் பஞ்சர். தள்ளிக்கொண்டே ஓடினேன், உச்சி வெயிலில், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு. போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் ஏழு குழந்தைகள் காத்திருந்தன. பெட்டியைத் திறந்து பொதியைத் தொட்டுப் பார்த்தேன், நடுவில் இன்னும் கட்டியாக இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. அன்று நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. அதைப் பின்பற்றாதே.

நீ சொன்ன இங்கிலாந்துச் சைக்கிள்காரி பெரில் பர்ட்டன் கதையைத்தான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1967-இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல். ஆண்களின் சாதனையையே தாண்டிவிட்டாள். பெண்களில் அவளை முந்த ஐம்பது வருடம் ஆனது. அதுகூடப் பெரிதில்லை எனக்கு. ஆண்களில் முன்னால் போய்க்கொண்டிருந்த மெக்நமாராவைத் தாண்டும்போது, பாவம் என்று ஒரு மிட்டாயை நீட்டினாளே, அதுதான்! அது அதிமதுரம் போட்ட மிட்டாய் என்றாயே, நம் மண்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் கட்டுக்கட்டாய் அடுக்கி வைத்திருக்கும் அதே வேர்தானே? அடுத்தவனுக்குக் கொடுக்கும் அளவுக்கு அவள் பையில் தின்பண்டம் வைத்திருந்தாள் என்பதைக் கவனித்தாயா?

அடுத்த தெருப் பையன் பத்தாம் தேதி உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான். அவன் கையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருபது, பொரிவிளங்காய் உருண்டை ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். ஒரு கையால் எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும்படி நெல்லிக்காய் அளவில்தான் பிடித்திருக்கிறேன். கடிக்காதே, பல் போய்விடும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மிதி.

அம்மா