அரைத்த மாவு என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

1996 ஆகஸ்டில் ‘எஸ்கேப் ஃப்ரம் எல்.ஏ.’ படத்துக்கு விமர்சனம் எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கும், படத்தைப் பார்க்காமலே அந்தத் தீர்ப்பை வழிமொழிந்து வருபவர்களுக்கும்,

வணக்கம்.

பதினைந்து வருடம் கழித்து இரண்டாம் பாகத்தோடு வந்த இயக்குநர் ஜான் கார்பென்டர் அரைத்த மாவையே அரைத்துவிட்டார் என்பதுதான் உங்களில் பலருடைய புகார். மறுக்கவில்லை. 1981இல் வந்த முதல் படமான ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’கில் நாயகன் ஸ்நேக் பிளிஸ்கனின் கழுத்தில் வெடி வைத்து, கெடு விதித்து, சிறையாகிவிட்ட மன்ஹாட்டனுக்குள் அனுப்பினார்கள். இந்த முறை உடம்பில் கிருமி ஏற்றி, பூகம்பத்தில் பிய்ந்து தீவாகிப்போன லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மீட்டு வர ஒரு ஒலிநாடா, இங்கே உலகத்தின் மின்சாரத்தையே அணைக்கக்கூடிய ஒரு ரிமோட். கிராஃபிக்ஸும் படு மோசம். முதல் படம் சுமார் 60 லட்சம் டாலரில் முடிந்தது, இதற்கு 5 கோடி ஆனது. அந்தப் பணமெல்லாம் எங்கே போனது என்று நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தக் கிருமி என்ன ஆனது என்று ஏன் எழுதவில்லை? முதல் படத்தில் வெடி நிஜம். இதில் கிருமி வெறும் காய்ச்சல். அரசாங்கம் பூச்சாண்டி காட்டியிருக்கிறது. பழைய கதையைத் தெரிந்துவைத்திருக்கும் ரசிகனும் ஸ்நேக்கோடு சேர்ந்து ஏமாறுகிறான். அதே மாவு இல்லாமல் இந்த வேடிக்கை பலித்திருக்காது.

எனக்குப் பெரிய வருத்தம் இந்தப் படத்தில் வரும் ஜனாதிபதி விஷயத்தில்தான். ஆயுள் முழுக்கப் பதவி வாங்கிக்கொண்டு, தலைநகரை வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்குக்கே மாற்றிவிடுகிறார். மத வலதுசாரிகளைத் திரட்டிய பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல்லின் ஊர் அது. உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? சிகரெட், மது, ஆட்டு மாட்டு இறைச்சி, கெட்ட வார்த்தை எல்லாவற்றுக்கும் தடை. மீறினால் குடியுரிமையைப் பறித்துத் தீவுக்கு நாடு கடத்தல். போக மனமில்லையா, பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே மின்சாரம் பாய்ச்சிக்கொண்டு சாகலாம். தஸ்லிமா என்றொரு பெண் வருகிறாள். முஸ்லிமாக இருப்பது திடீரென்று குற்றமாகிவிட்டதால் தெற்கு டகோட்டாவிலிருந்து வந்து சேர்ந்தவள். நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே சுதந்திரமான இடம் இந்தக் குப்பைமேடுதான் என்கிறாள். சொல்லி முடித்த சற்று நேரத்தில் சுடப்பட்டுச் சாகிறாள். நீங்களோ பேரலையில் பலகை ஏறிச் சறுக்கும் காட்சியைக் கேலி செய்வதில் பாதி இடத்தைச் செலவழித்தீர்கள். (கேலிக்குரிய காட்சிதான். எனக்கு அது பிடிக்கும்.)

முதல் படத்தின் முடிவில் ஸ்நேக் ஒலிநாடாவை உருவிப் போட்டு ஒரு ஜனாதிபதியின் மானத்தை வாங்கினான். இதில் அந்த ரிமோட்டால் உலகத்தின் மின்சாரத்தையே அணைத்துவிட்டு, இருட்டில் தடை செய்யப்பட்ட சிகரெட்டைப் பற்றவைக்கிறான். இதுவும் பழைய முடிவின் நகல்தானா?

உங்களில் எல்லோரையும் சொல்லவில்லை. ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். மற்றவர்களில் பலர் திட்டினீர்கள், மக்களும் வரவில்லை. அமெரிக்காவில் வசூல் சுமார் 2.5 கோடி டாலரோடு நின்றது.

2026இல் படத்துக்கு 30 வயது. மறுபடி பார்த்து மறுபடி எழுதுங்கள். முதல் படத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு வித்தியாசம், மூன்று ஒற்றுமை என்று எண்ணாமல், இந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல்லுங்கள். நீர்மூழ்கிக் காட்சியில் வரும் அந்தக் கணினிச் சுறாவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த அலைக்காட்சியை நான்கு முறை பார்த்த ரசிகன்