நாற்பது சதவீதம்தானே என்கிறாய்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சண்முகம்,

நீ போனில் பேசியதில் பாதி மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்புறம் தங்கச்சி கூப்பிட்டு எல்லாம் சொன்னாள். இதய ரத்தக்குழாயில் ஆஞ்சியோ எடுத்தது, நாற்பது சதவீத அடைப்புதான், குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது, மூன்று மாதம் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டு ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நீயாகவே நிறுத்திவிட்டது, எல்லாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘சரி சரி’ என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

போர் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிகிற மாதிரிதானே, நாற்பது போனால் அறுபது திறந்திருக்கிறதே என்று கேட்டாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அடைப்பு என்கிற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. பேத்தாலஜி லேபில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான், என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல ரத்தக்குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்தால் உட்பக்கம், நுங்கின் தோலை உரித்ததும் தெரியுமே, அந்த வழவழப்பு. நோய்ப்பட்ட பெருந்தமனியில் மஞ்சள் மஞ்சளாக மேடு கட்டியிருக்கும், சில இடத்தில் கத்தரி பட்டால் முட்டை ஓடு நொறுங்குகிற சத்தம் வரும், அந்த அளவுக்குச் சுண்ணாம்பு. ஒரு மேட்டைக் கீறி விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து மஞ்சளாகக் கூழ் பிதுங்கி வரும். இந்த நோய்க்கு வைத்திருக்கிற அதிரோஸ்கிளிரோசிஸ் என்ற பெயரிலேயே அந்தக் கூழ் இருக்கிறது, கிரேக்கத்தில் ‘அதெரே’ என்றால் கஞ்சி, கூழ். இதில் முக்கியம் என்னவென்றால், அந்தக் கூழ் குழாயின் மேல் படிந்திருக்காது, சுவருக்கு உள்ளே, ஒரு மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கும். முள் தைத்து உள்ளே சீழ் கோத்தது மாதிரி.

அது எப்படி அங்கே போகிறது? ரத்தக்குழாயின் உட்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது, எண்டோதீலியம். மூலத்தறை அணையிலிருந்து வருகிற வாய்க்காலைப் பார்த்திருப்பாய், நேராக ஓடும்போது தண்ணீர் அமைதியாக இருக்கும், கிளை பிரிகிற இடத்தில் சுழலும். ரத்தமும் அப்படித்தான். நேரான இடத்தில் அந்த செல்கள் ஓட்டத்தின் திசையில் வரிசையாகப் படுத்து நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். 1980-இல் ஃபர்ச்காட் என்கிறவர் முயலின் தமனித் துண்டில் இந்த விரிப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தார், தளர வைக்கிற மருந்து கொடுத்தும் குழாய் தளரவே இல்லை. 1998 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. கிளை பிரிகிற இடத்தில் இந்தக் காவல் குறைவு. புகையும் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் இன்னும் குறையும். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்புத் துகள்கள் உள்ளே நுழைந்து சுவரில் இருக்கிற பசை போன்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கெட்டுப்போகின்றன. உடனே அந்த விரிப்பு செல்கள் ஒட்டும் தன்மையாகி, ரத்தத்தில் போகிற வெள்ளை அணுக்களைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. வந்த அணுக்கள் கெட்டுப்போன கொழுப்பை விழுங்கி விழுங்கி, நுரை செல்கள் என்கிறார்களே, அப்படி ஊதிப்போய் அங்கேயே சாகின்றன. செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்ததுதான் நான் சொன்ன கூழ். சுவரின் தசை செல்கள் மேலே ஏறி வந்து நார் பின்னி அதை மூடுகின்றன, ஒரு மூடி மாதிரி.

அந்த மூடிதான் விஷயம், சண்முகம். உள்ளே அழற்சி என்கிற அந்தப் புகைச்சல் அடங்காமல் இருந்தால் அதே வெள்ளை அணுக்கள் விடுகிற நொதிகள் நாரை அரித்து மூடியை மெல்லிசாக்கும். ஒரு நாள் கிழிந்துவிடலாம். கூழ் ரத்தத்தில் பட்ட உடனே ரத்தம் உறைந்து, நாற்பது சதவீதம் சில நிமிஷத்தில் நூறாகிவிடலாம், அதுதான் மாரடைப்பு.

எங்கள் அண்ணனுக்கு நடந்தது இதுதான். டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வீட்டுக்கு வந்தவர், ஒன்றரை மாதத்தில் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் இருந்த தடிப்பு பெரிதாகவே இல்லையாம். அந்த டெஸ்டைக் குறை சொல்ல முடியாது. ரத்தம் போவது குறைந்தால்தான் அதில் தெரியும், மூடி மெல்லிசாக இருப்பது தெரியாது. ஆஞ்சியோவும் மருந்துச் சாயம் ஓடுகிற உள்வழியைத்தான் காட்டும். சுவர் தடிக்கும்போது குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும் என்று 1987-இலேயே கிளாகோவ் என்பவர் காட்டிவிட்டார், தடிப்பு குழாயின் குறுக்குப் பரப்பில் சுமார் நாற்பது சதவீதத்தை நிரப்பும்வரை உள்வழி சுருங்குவதே இல்லை. அப்படியென்றால் உன் படத்தில் நாற்பது தெரிகிறது என்றால் சுவருக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசி. அண்ணன் பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பார்க்கவே மனசு ஆறவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையில் கண்டெடுத்த மருந்தின் வழி வந்ததுதான் நீ சாப்பிட்ட ஸ்டாடின். ஈரல் கொழுப்புச் செய்வதை அது குறைக்கும். தனக்குப் போதாமல் போகும்போது ஈரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கக் கூடுதல் கொக்கி போடும். ரிப்போர்ட் நன்றாக வந்தது அதனால்தான். மாத்திரையை நிறுத்தினால் கொக்கி குறையும், சில வாரத்திலேயே எல்டிஎல் பழைய இடத்துக்கு வந்துவிடும். தொடர்ந்து சாப்பிட்டால் கூழ் வற்றி மூடி தடிக்கும், அதற்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆகும். புகைச்சல் அடங்குவதற்கே தனி மதிப்பு உண்டு. 2017-இல் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கின மருந்தே மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் அதில் தொற்றுநோய்ச் சாவு கொஞ்சம் கூடியதால் எல்லாருக்கும் கொடுக்கிற மருந்தாக அது வரவில்லை.

பீடியை நீ விட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நம்மோடு எட்டாவது படித்த டீக்கடை வீட்டுப் பையனுக்கு முப்பத்தைந்து வயசில் கால்விரல் கறுத்து எடுத்தார்களே, அது கூழ் நோய் இல்லை, பர்ஜர் நோய். சிறிய குழாய்களே வீங்கி ரத்தம் உறைந்துபோகும், புகையிலையை முழுசாக விட்டால் மட்டும்தான் நிற்கும்.

இன்னொன்று. சந்தைவரை நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, நின்றால் சரியாகிறது, நரம்பு இழுப்புதான் என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். அது நரம்பாகவே இருக்கட்டும், ஆனால் கால் குழாயிலும் இதே கூழ் கட்டினால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். டாக்டரிடம் இதைச் சொல், கணுக்காலில் பிரஷர் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காமல் சொல், தசைவலி வந்துதான் நிறுத்தினாய் என்றால் வேறு மாற்றித் தருவார்.

இங்கே ஆளியாறு தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நாற்று நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் கோபாலபுரம் வந்து இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன். ஆஞ்சியோ சிடியையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வா, தங்கச்சியையும் கூட்டி வா.

உன்,
வேலுசாமி