பொருள்: “12 அங்குல ஐஸ்” என்று சொல்லி ஏரிக்குள் கூட்டிப்போனது தொடர்பான புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை உங்கள் நிறுவனத்துக்கு 340 டொலர் கட்டி, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு உறைந்த சிம்கோ ஏரியின் ஐஸில் துளையிட்டு மீன்பிடிக்க வந்தேன். “12 அங்குலம் இருக்கு, லொறியே ஓடலாம்” என்றார் உங்கள் ஊழியர். எங்களை ஏற்றிவந்த பிக்கப்பை, ஐஸ்மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிலுக்குப் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் நிறுத்தியும் வைத்தார்.

மீன் ஒன்றும் கடிக்கவில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சும்மா இருந்த நேரத்தில் அளவு நாடாவின் கொக்கியைத் துளையின் அடிவிளிம்பில் மாட்டிப் பார்த்தேன். 12 அங்குலம் சரிதான். ஆனால் போன் வெளிச்சத்தில் துளையின் சுவரைப் பார்த்தால் மேலே 5 அங்குலம் தேங்காய்ப்பால் உறைந்ததுபோல வெள்ளை ஐஸ், நடுவில் 3 அங்குலம் கரண்டியால் அள்ளக்கூடிய சேற்றுப்பனி, அடியில் 4 அங்குலம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ்.

பனி ஊறி உறைந்த வெள்ளை ஐஸில் காற்றுக்குமிழி அதிகம். அதைப் பாதிப் பலமாகத்தான் கணக்கெடுப்பார்கள். சேற்றுப்பனி கணக்கிலேயே வராது. ஆகத் தாராளமாகப் பார்த்தாலும் ஆறரை அங்குலம். அப்படியென்றால் பலமும் பாதியாகத்தானே குறையும் என்று நினைக்காதீர்கள். தாங்கும் எடை தடிப்பின் வர்க்கத்தோடு போகிறது; தடிப்பு பாதியானால் எடை கால்வாசியாகிவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971இல் எழுதிய சூத்திரத்தின் பாதுகாப்பான அளவின்படி நல்ல 12 அங்குலம் சுமார் 3,200 கிலோ தாங்கும். ஆறரை அங்குலம் 950 கிலோதான். உங்கள் பிக்கப் ஆட்களோடு இரண்டு தொன்னுக்கு மேல்!

காலையில் துளைத் தண்ணீர் விளிம்புக்கு ஓரங்குலம் கீழே நின்றது. மதியம் அது பொங்கிக் குடிலுக்குள் ஏறி, மகளின் காலுறையை நனைத்தது. நிறுத்திய வாகனத்தின் பாரத்தில் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? வெளியே போய்ப் பார்த்தால் பிக்கப்பைச் சுற்றிச் சைக்கிள் கம்பிகள்போல வெடிப்புகள். “ஏரி என்றால் சத்தம் போடும், வெடிக்கும், பயப்படாதேங்கோ அண்ணை” என்றார் ஊழியர். குளிர் ஏறி இறங்கும்போது ஏரி வெடிப்பது எனக்கும் தெரியும். ஆனால் பாரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் ஓடும் வெடிப்பு வேறு. அதைச் சுற்றி வட்டமாக இன்னொன்று விழுந்தால் அந்தத் துண்டு அப்படியே உள்ளே போய்விடும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆளுக்காள் இடைவெளி விட்டுக் கரைவரை நடந்தே வந்தோம்.

340 டொலரையும் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள். அப்புறம், இனிமேல் ஆட்களை ஏற்றும் முன் தெளிந்த ஐஸ் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் தனித்தனியாக எழுதிப் போடுங்கள். வாகனத்தைக் குடிலடியில் நிறுத்தவே வேண்டாம். பதில் வராவிட்டால் ஒன்ராறியோ அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவேன்.

துளையின் படங்கள் இரண்டை இணைத்திருக்கிறேன். நாடாவின் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாடிக்கையாளர்