பிள்ளை பெற்றவளை வார்டிலிருந்து வண்டியேற்றாதீர்கள்

டொமினிக்கன் குடியரசின் அதிபர் லூயிஸ் அபினாதேர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். உங்கள் நாட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் 2025 ஏப்ரல் 21 அன்று உங்கள் அரசாங்கம் மருத்துவமனைகளுக்குள்ளேயே காகிதம் இல்லாத குடியேறிகளைப் பிடிக்கத் தொடங்கியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. முதல் நாளே பக்கத்து நாடான ஹைட்டியைச் சேர்ந்த 130-க்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து நாடு கடத்தினீர்கள்.

பிள்ளை பெற்றவளை நாங்கள் பச்சை உடம்புக்காரி என்போம். காதைச் சுற்றித் துணி கட்டி, காற்றுப் படாமல் உட்கார வைப்போம். அவளிடம் அடையாள அட்டை எங்கே, வேலைக் கடிதம் எங்கே, வீட்டுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கச் சொல்கிறது உங்கள் புது விதி. சிகிச்சை தருவோம் என்கிறீர்கள். சரி. சிகிச்சை முடிந்ததும் வண்டி காத்திருக்கும் என்று தெரிந்தால், வலி கண்டவள் ஆஸ்பத்திரிப் படியை மிதிப்பாளா? கரும்புத் தோட்டக் குடியிருப்பிலேயே பெற்றுக்கொள்ளத்தான் பார்ப்பாள். அங்கே ரத்தம் நிற்காமல் போனால் யார் பொறுப்பு?

மகப்பேறு வார்டுகளிலிருந்து குடிவரவு அதிகாரிகளை விலக்குங்கள். நான் கேட்பது இதுதான்.

இவர்கள் எல்லாரும் நேற்று வந்தவர்களா? 1952 முதல் உங்கள் அரசே ஹைட்டி அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கரும்பு வெட்ட ஆள் எடுத்தது. அப்படி வந்தவர்களுக்கு உங்கள் மண்ணில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமையை 2013-ல் உங்கள் அரசியலமைப்பு நீதிமன்றம், 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பறித்தது. பெற்றோர் வழிப்போக்கர்களாம். ஆயுள் முழுக்கக் கரும்பு வெட்டியவர் எப்படி ஐயா வழிப்போக்கர் ஆவார்? அதைச் சரிசெய்வதாகச் சொல்லி மறு ஆண்டு வந்த 169-14 சட்டத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் கையில் காகிதம் இல்லை. எங்கள் சனத்தையும் 1948-ல் ஒரு சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. கள்ளத்தோணி என்று ஏசினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. அதனால்தான் உங்கள் ஊர்ச் செய்தியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

எல்லையைக் காப்பது உங்கள் கடமை, மறுக்கவில்லை. அதை எல்லையில் செய்யுங்கள். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தையல் ஆறாத உடம்போடு, கைக்குழந்தையோடு ஒருத்தியை அந்த நாட்டுக்குள் இறக்கிவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு வார்டுகளுக்கு மட்டுமாவது அந்த விதியிலிருந்து உடனே விலக்குக் கொடுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்